வாரத்துக்கு ஒரு ரொட்டி... நடுக்கடல் படகு முதல் லோயர் கேம்ப் வரை கரன்ட் கொடுத்த பைண்டிங் கடைப் பையன்!

இன்ஸ்டாகிராமில் 'போட் லைஃப்' ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். வேலையை விட்டுவிட்டு, முப்பது நாற்பது அடி நீளமுள்ள பாய்மரப் படகில் குடியேறி, நாடு நாடாக மிதந்துகொண்டிருக்கும் ஜோடிகள். பின்னால் சூரியன் இறங்கும், முன்னால் காபியில் ஆவி பறக்கும், பார்க்கிற நமக்கு வயிறு எரியும். ஆனால், அந்த வீடியோக்களை நாலைந்து எபிசோடு விடாமல் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். புயலைப் பற்றிப் பேசுவதைவிட அவர்கள் பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள். ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். ராத்திரி மற்ற கப்பல்கள் இடிக்காமல் இருக்க விளக்கு எரிய வேண்டும். ஜி.பி.எஸ் வேண்டும், ரேடியோ வேண்டும், போனுக்கு சார்ஜ் வேண்டும். நடுக்கடலில் கரன்ட் போனால் இ.பி ஆபீஸுக்கு போன் போட்டுக் கத்தவா முடியும்?

நம்ம தேனிக்கும் கடலுக்கும் ரொம்ப தூரம். கம்பம் பள்ளத்தாக்கில் படகு என்றால், குமுளி ஏறி தேக்கடியில் டிக்கெட் எடுப்பதுதான். ஆனாலும், அந்தப் படகுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. ஆடிக்காற்றில் தேனி, ஆண்டிபட்டி பக்கம் சுற்றும் காற்றாலைகள், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் ஓடும் மின் நிலையம், அந்தப் பாய்மரப் படகின் பின்பக்கம் சுற்றும் குட்டிக் காற்றாடி, மூன்றுமே ஒரே மனிதர் கண்டுபிடித்த ஒரே விஷயத்தில் ஓடுகின்றன. பெயர் மைக்கேல் ஃபாரடே.

நம்மில் பலருக்கு அவர் இரண்டு மார்க் கேள்வி. 'ஃபாரடே விதியைக் கூறுக' என்று வரும், மனப்பாடம் செய்து எழுதுவோம், மறந்துவிடுவோம். அந்த மனுஷன் வாழ்ந்த வாழ்க்கை பரீட்சைத் தாளில் வராது.

படகுக்குள் ஒரு குட்டி இ.பி ஆபீஸ்

முதலில் படகைப் பார்த்துவிடுவோம். அதில் பேட்டரி ஒன்று இருக்காது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மட்டும் ஒன்று தனியாக இருக்கும். விளக்கு, ஃப்ரிட்ஜ், கருவிகளுக்கு இரண்டோ நாலோ பேட்டரிகளை இணைத்து இன்னொரு தொகுப்பு. இதைத்தான் 'பேட்டரி பேங்க்' என்கிறார்கள். ஏன் பிரிக்கிறார்கள்? ராத்திரி முழுக்கப் பாட்டு கேட்டுவிட்டு, காலையில் பாறைப் பக்கம் படகு நகரும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கதை முடிந்தது. அதனால்தான் பாட்டுக்குத் தனி, உயிருக்குத் தனி.

இந்த பேங்கில் 'டெபாசிட்' போட ஐந்து வழிகள். இன்ஜின் ஓடும்போது அதோடு சுற்றும் ஆல்டர்னேட்டர். காற்றாடி. படகு நகரும்போது தண்ணீரில் சுழலும் புரொபெல்லர். சோலார் பேனல். துறைமுகத்தில் கட்டினால் கரையிலிருந்து வயர் இழுத்து பிளக் சொருகுவது. ஐந்தில் நான்கு ஃபாரடேயின் கை பட்டவை. சோலார் மட்டும் அவர் கணக்கில் வராது, அது வேறு ஆட்களின் கதை.

சரி, ஆளைப் பார்ப்போம்.

பேப்பர் போடும் பையன்

1791 செப்டம்பர் 22. லண்டனை ஒட்டித் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் மைக்கேல் பிறந்தான். அப்பா ஜேம்ஸ் கொல்லர். பட்டறை வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காத கொல்லர். பல நாள் வேலைக்குப் போக முடியாது. 1801-ல் விலைவாசி எகிறியபோது, மைக்கேலுக்கு வீட்டில் கொடுத்தது வாரத்துக்கு ஒரு ரொட்டி. ஏழு நாளைக்கும் அதுதான். ஒன்பது வயதுப் பையன் அதைப் பங்கு போட்டு வைத்துத் தின்ன வேண்டும். எழுத, படிக்க, கொஞ்சம் கூட்டல் கழித்தல். பள்ளிப் படிப்பு அவ்வளவுதான்.

13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. அன்றைக்கு பேப்பர் விலை அதிகம் என்பதால் வாடகைக்கு விடுவார்கள். ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் அப்படி ஓடினான். பையன் ஒழுங்காக இருக்கிறான் என்று, வழக்கமாக வாங்கும் கட்டணம் வாங்காமலேயே புத்தக பைண்டிங் பழக ஏழு வருஷத்துக்குச் சேர்த்துக்கொண்டார் ரீபோ. 

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை மைக்கேல் தைத்தான், ஒட்டினான், கூடவே படித்தான். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று. ஜேன் மார்செட் என்ற பெண்மணி, வேதியியலை உரையாடலாக எழுதிய புத்தகம் இன்னொன்று. படித்ததோடு விடவில்லை. அதில் சொன்னது நிஜம்தானா என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்து பார்த்தான். வெளியே ஒரு வகுப்பில் அறிவியல் சொற்பொழிவு நடக்கும், கட்டணம் ஒரு ஷில்லிங். அந்தக் காசை அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அவரும் கொல்லர்தான். இந்த அண்ணனைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

1812 ஜூலையில், 20 வயதில், ஃபாரடே தன் முதல் பேட்டரியைச் செய்தார். ஏழு அரை பென்னி செப்புக் காசுகள், அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாக வட்டுகள், நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள். அடுக்கி வைத்தால் மின்சாரம். பாக்கெட்டில் கிடக்கும் சில்லறையில் செய்த பேட்டரி. அதை வைத்து, தண்ணீரில் கரைத்த மெக்னீசியம் சல்ஃபேட் உப்பைப் பிரித்தும் பார்த்துவிட்டார். பேட்டரியைக் கண்டுபிடித்த இத்தாலியர் வோல்ட்டா அதை உலகத்துக்குச் சொல்லி அப்போது 12 வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே வருஷம், கடைக்கு வரும் வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி பேசும் கூட்டத்துக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைய சயின்ஸ் சூப்பர் ஸ்டார். சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்பார்கள். நாலு கூட்டம் போனார் ஃபாரடே. ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து படம் போட்டு, அழகாக எழுதி, தெரிந்த தொழிலை வைத்து கனமான புத்தகமாக பைண்ட் செய்து, வேலை கேட்டு டேவிக்கே அனுப்பிவிட்டார். ரெஸ்யூம் என்றால் இது ரெஸ்யூம்!

உடனே வேலை கிடைக்கவில்லை. பிறகு ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆய்வகப் பணியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். அந்தக் காலி இடத்தில் 1813 மார்ச் 1-ல் ஃபாரடே சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இரண்டு அறை. யாரோ ஒருவரின் கோபத்துக்கு இந்த உலகம் கடன்பட்டிருக்கிறது.

சயின்டிஸ்ட்டா, வேலைக்காரனா?

அந்த அக்டோபரில் டேவி தன் மனைவியோடு ஐரோப்பா கிளம்பினார். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. டேவிக்காக நெப்போலியன் தனி அனுமதியே கொடுத்திருந்தார். டேவியின் உடைகளைக் கவனிக்கும் வேலையாள் கடைசி நேரத்தில் வர மறுக்க, அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. அடுத்த ஊரில் வேறு ஆள் கிடைப்பான் என்று நினைத்தார்கள், கிடைக்கவில்லை. டேவியின் மனைவி ஜேன் அவரை வேலைக்காரனாகத்தான் நடத்தினார். சாப்பாடுகூட வேலைக்காரர்களோடு. லண்டனை விட்டு அதிகம் வெளியே போயிராத 22 வயது இளைஞருக்குக் கடலையும் ஆல்ப்ஸையும் பார்க்கும் சந்தோஷம் ஒரு பக்கம், இந்த அவமானம் ஒரு பக்கம். பாதியிலேயே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். திரும்பவில்லை. 1814 ஜூனில் மிலன் நகரில் வோல்ட்டாவையே நேரில் பார்த்தார். அரை பென்னி காசில் பேட்டரி செய்தவர் முன்னால், பேட்டரியைக் கண்டுபிடித்த கிழவர்!

அவமானம் அதோடு முடியவில்லை. 1821-ல் சாரா பர்னார்ட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அதே செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தை நிறுத்தி, மின்சாரம் ஓடும் கம்பி ஒன்றை அதைச் சுற்றிச் சுற்ற வைத்தார். உலகின் முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்லலாம். ஊரே பாராட்டும் என்று பார்த்தால், வில்லியம் வொல்லாஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானியின் ஐடியாவைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. வொல்லாஸ்டனிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பெயரைக் குறிப்பிட்டிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால், வொல்லாஸ்டன் முயன்றது வேறு, ஃபாரடே செய்தது வேறு. 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக ஃபாரடே பெயர் வந்தபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். வோட்டெடுப்பில் விழுந்த எதிர்ப்பு வோட்டு ஒன்றே ஒன்று. ஃபாரடே தேர்வானார்.

அதற்குப் பிறகும் மின்சாரத்தின் பக்கம் போக அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி தயாரிக்கும் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் உலை முன்னால் நின்றார். டேவி 1829-ல் இறந்தார். கண்ணாடி வேலையிலிருந்து விடுபட்டு மின்சாரத்துக்குத் திரும்பியபோது ஃபாரடேவுக்கு வயது 39.

ஊசி ஆடிய நொடி

1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல இரும்பு வளையம் ஒன்று. அதன் ஒரு பக்கம் கம்பிச் சுருள், எதிர்ப்பக்கம் இன்னொரு சுருள். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளை பேட்டரியோடு இணைத்தார். இரண்டாவது சுருளின் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி. பேட்டரியை இணைத்த நொடி ஊசி துள்ளியது. பிறகு அமைதியாகிவிட்டது. பேட்டரி இணைந்தே இருந்தாலும் அசையவில்லை. பேட்டரியைக் கழற்றிய நொடி மறுபடி துள்ளியது.

அவருக்கு முன்னால் பலர் இதே மாதிரி முயன்று, ஊசி நிலையாக விலகி நிற்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்திருந்தார்கள். இவர் அந்த ஒரு நொடித் துள்ளலைப் பிடித்துக்கொண்டார். காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது, மாறினால்தான் வரும். அக்டோபர் 17-ல் கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை நுழைத்து எடுத்தார், ஊசி ஆடியது. அக்டோபர் 28-ல் பெரிய காந்தம் ஒன்றின் இரு முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுற்றவிட்டு, நிற்காமல் வரும் மின்சாரத்தை எடுத்தார். இரண்டு மாதம்தான், ஜெனரேட்டருக்கான விதை விழுந்துவிட்டது.

இப்போது படகுக்கு வாருங்கள். துறைமுகத்தில் பிளக் சொருகினால், கரையிலிருந்து வரும் 230 வோல்ட்டை பேட்டரிக்கு ஏற்ப 14 வோல்ட் அளவுக்கு இறக்குவது டிரான்ஸ்ஃபார்மர். அது அந்த இரும்பு வளையத்தின் பேரன். நம் போன் சார்ஜருக்குள்ளும் ஒரு குட்டிப் பேரன் இருக்கிறான். இன்ஜினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர், சுருளுக்குள் ஆடிய அந்தக் காந்தம். காற்றாடிக்குள்ளும் அதே கதை. காற்று தள்ளுகிறதா, டீசல் தள்ளுகிறதா, தண்ணீர் தள்ளுகிறதா என்பதுதான் வித்தியாசம். உள்ளே காந்தமும் செம்பும் ஒன்றைத் தாண்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட். மனப்பாடம் செய்தோமே, அந்த விதி. படகில் இதன் அர்த்தம் ரொம்ப நேரடியானது. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டால் ஆல்டர்னேட்டர் சோம்பேறித்தனமாகத்தான் கொடுக்கும். இளங்காற்றில் காற்றாடி அழகாகச் சுற்றும், பேட்டரிக்கு எதுவும் போகாது. 12 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ள, அதைவிட அதிக வோல்ட் வேண்டும். அந்த வேகம் வராதவரை சுற்றுவது வெறும் ஷோ.

பேட்டரியைக் கழற்றியபோது ஊசி துள்ளியதே, அதற்கும் படகில் ஓர் இடம் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் பேட்டரி ஸ்விட்சை ஆஃப் செய்தால், ஆல்டர்னேட்டர் சுருளில் ஓடிய மின்சாரம் திடீரென அறுபடும். அந்த மாற்றத்தில் வோல்ட் ஒரே தாவாகத் தாவி, உள்ளே இருக்கும் டயோடுகளை எரித்துவிடும். சுருளில் ஓடும் மின்சாரத்தை அறுத்தால் ஷாக் அடிக்கிறதே, ஏன் என்று ஃபாரடே 1834-ல் தனியாக உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். இப்போது நடுக்கடலில் அதே ஷாக்குக்கு பில் வருகிறது.

பாலத்தின் மேல் ஒரு வயர்

இவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், தோற்றுப்போன ஒரு சோதனை.

காந்தத்துக்கு நடுவே செம்பு நகர்ந்தால் மின்சாரம் வருகிறது. பூமியே ஒரு காந்தம். அப்படியென்றால் ஓடும் ஆறு? தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துமே! 1832 ஜனவரியில் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்துக்குப் போனார். கைப்பிடிச் சுவரை ஒட்டி 960 அடி நீளத்துக்குச் செப்புக் கம்பியை விரித்தார். இரு முனைகளிலும் உலோகத் தட்டுகளைக் கட்டி தேம்ஸ் ஆற்றுக்குள் இறக்கினார். ஆற்றில் கடல் ஏற்றவற்றம் உண்டு, தண்ணீர் ஒருமுறை இப்படி ஓடும், பிறகு அப்படி ஓடும். ஊசியும் அதற்கேற்ப ஆட வேண்டும். மூன்று நாள் பார்த்தார். ஊசி ஆடியது, ஆனால் இஷ்டத்துக்கு ஆடியது. தண்ணீரின் அழுக்கு, வெப்பம், தட்டுகளின் ரசாயனம் எல்லாம் சேர்ந்து குழப்பிவிட்டன. நினைத்தது கிடைக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

யோசனை சரிதான், கிடைக்கும் மின்சாரம்தான் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. ஓடும் தண்ணீரிலிருந்து உருப்படியாக எடுக்க வேண்டுமென்றால், தண்ணீரை வைத்துக் காந்தத்தைச் சுற்ற வேண்டும். பாய்மரப் படகின் பின்னால் தண்ணீரில் சுழலும் புரொபெல்லர் செய்வது அதைத்தான். லோயர் கேம்ப்பிலும் அதேதான். பென்னிகுயிக் மலையைக் குடைந்து 1895-ல் நம் பக்கம் திருப்பிய தண்ணீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி டர்பைன்களைச் சுற்றுகிறது. அவற்றோடு ஜெனரேட்டர்கள் சுற்றுகின்றன. அங்கே வேலையை முடித்த பிறகுதான் அந்தத் தண்ணீர் கம்பம், சின்னமனூர் வயல்களுக்கு வருகிறது. 

பேட்டரி கடன் வைக்காது

சார்ஜ் செய்வதில் பாதிக் கதைதான் ஜெனரேட்டர். மீதி பேட்டரிக்குள். அங்கேயும் ஃபாரடே உட்கார்ந்திருக்கிறார்.

1833, 34-ல் அவர் மின்சாரத்தால் திரவங்களைப் பிரித்து, எவ்வளவு மின்சாரம் போனால் எவ்வளவு பொருள் மாறுகிறது என்று எடை போட்டார். இரண்டும் நேர் விகிதம். தட்டு பெரிதோ சிறிதோ, பாத்திரம் எந்த வடிவமோ, கவலையே இல்லை. போன மின்சாரத்துக்கு ஏற்ற அளவு பொருள், குறையாமல் கூடாமல். இதையெல்லாம் சொல்லப் பழைய வார்த்தைகள் போதவில்லை. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லிடம் யோசனை கேட்டார். எலெக்ட்ரோடு, ஆனோடு, கேத்தோடு, அயான் எல்லாம் அந்தச் சமயத்தில் வந்தவை. லித்தியம் அயான் பேட்டரி என்று உங்கள் போனில் எழுதியிருக்கிறதே, அந்த 'அயான்' இதுதான்.

ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியை பிரான்ஸின் காஸ்டன் பிளாண்டே 1859-ல் செய்தார். இன்றைக்கும் ஏராளமான படகுகளில் இருப்பது அதன் வாரிசுதான். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் அதுதான். 2012-ல் பவர்கட்டில் வெந்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பெட்டியை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

ஃபாரடேயின் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதியை, அதாவது 50-ஐச் செலவழித்தால், ஒவ்வொரு செல்லிலும் நெகட்டிவ் தட்டில் சுமார் 193 கிராம் ஈயம் லெட் சல்ஃபேட்டாக மாறியிருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஆக, நெகட்டிவ் பக்கம் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் உருமாறிவிட்டது. சார்ஜ் செய்வது என்றால், அதை அத்தனையையும் பழையபடி ஈயமாக்குவது. குறுக்கு வழி கிடையாது. சார்ஜில் கொஞ்சம் வீணாவதால், எடுத்ததைவிடச் சற்று அதிகமாகவே திருப்பிப் போட வேண்டும். போடாமல் பாதி வயிற்றோடு நாள்கணக்கில் விட்டுவைத்தால், சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து பிறகு எந்த சார்ஜருக்கும் அசையாது. இன்வெர்ட்டர் பேட்டரிகள் சீக்கிரம் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

படகுக்காரர்கள் இதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். பாதிக்குக் கீழே பேட்டரியை இறக்குவதில்லை. காலையில் இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். கிட்டத்தட்ட 80 சதவிகிதம் வரை பேட்டரி மடமடவென வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் சாப்பாட்டில் கடைசி உருண்டைக்கு முகம் சுளிக்கும் குழந்தை மாதிரி. வோல்ட்டை 14.4 பக்கம் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அந்தக் கடைசி 20 சதவிகிதத்துக்கு டீசலை எரிப்பது வேஸ்ட். பகல் முழுக்கச் சும்மா காயும் சோலார் பேனல் அதைப் பொறுமையாக முடித்துவிடும். நிறைந்த பிறகு 13.5 அளவுக்கு இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் மிச்ச மின்சாரம் தண்ணீரையே ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று பிரித்துவிடும். இன்வெர்ட்டருக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, போன தண்ணீர் இப்படிப் போனதுதான்.

லித்தியம் பேட்டரிக்கு இந்த முகச்சுளிப்பு இல்லை. கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதில் வேறு தலைவலி. கேட்கும் பசிக்குக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடும், கட்டுப்படுத்தத் தனிக் கருவி வேண்டும். கம்பத்திலிருந்து குமுளி ஏறி, கோட்டயம் ரோட்டில் இறங்கி வைக்கம் போனால் லித்தியம் படகு ஒன்றைப் பார்க்கலாம். 2017-லிருந்து ஓடும் 'ஆதித்யா', இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. 75 பேர் போகலாம். கூரை முழுக்க சோலார் பேனல், கீழே பேட்டரி, மோட்டார். 1821 பாதரசக் கிண்ணம் நினைவுக்கு வந்தால் நல்லது.

மறதியும் வெளிச்சமும்

இவ்வளவையும் செய்தவர் உடைந்துபோனார் என்பது பலருக்குத் தெரியாது. 1839 வாக்கில் உடல்நிலை சரிந்தது. தலைசுற்றல், தலைவலி, எல்லாவற்றையும்விட மோசமாக மறதி. 48 வயது. டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், 1841-ல் சாரா அவரை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போனார். காரணம் என்னவென்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி கிட்டத்தட்ட நின்றேபோனது. பள்ளிப் படிப்பில்லாத மனிதருக்கு இருந்த ஒரே சொத்து அந்த மூளை. அதுவும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

அவர் எழுதுவதைப் பிடித்துக்கொண்டார். ஆய்வகக் குறிப்புகளில் ஒவ்வொரு பத்திக்கும் நம்பர் போடுவார். பழைய சோதனை மறந்தாலும் நம்பரைப் பிடித்துப் போய்ப் படித்துக்கொள்ளலாம். அந்த நம்பர் கடைசியில் 16,041 வரை போனது. 1845-ல் மறுபடி எழுந்தார். முன்பு வேண்டா வெறுப்பாகச் செய்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் வழியே ஒளியை அனுப்பினார். காந்தம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று தெரிந்தது அன்றுதான். அவருக்குக் கணக்கு வராது. அவருடைய ஆராய்ச்சித் தாள்களில் சமன்பாடுகளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். காந்தத்தைச் சுற்றிக் கோடுகளாக வரைந்தார், மனதில் படமாகப் பார்த்தார். அதைப் பிறகு மேக்ஸ்வெல் சமன்பாடாக்கினார்.

'சர்' பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவியும் வேண்டாம் என்றார், அதுவும் இரண்டு முறை. குழந்தைகள் இல்லாத அவர், கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் குழந்தைகளுக்காக 19 தொடர்கள் சயின்ஸ் சொற்பொழிவு நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பேசியிருக்கிறார்.

இன்னொரு வேலையையும் அவர் விடவில்லை. 1836-லிருந்து கிட்டத்தட்ட 30 வருஷம், கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்புக்கு ஆலோசகர். எண்ணெய் விளக்கின் புகையும் ஈரமும் கண்ணாடியில் படியாமல் வெளியேற்றும் குழாயை வடிவமைத்தார். 1858 டிசம்பரில், டோவருக்குப் பக்கத்தில் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில், நீராவி இன்ஜின் சுற்றிய காந்த ஜெனரேட்டரிலிருந்து மின்விளக்கு எரிந்தது. இயந்திரத்தைச் செய்தவர் ஃபிரெட்ரிக் ஹோம்ஸ், அதைச் சோதித்து டிரினிட்டி ஹவுஸுக்கு அறிக்கை கொடுத்தவர் ஃபாரடே. ஒரு நொடி துள்ளிய ஊசி, 27 வருஷத்தில் கடலில் போகும் மாலுமிகளுக்கு வெளிச்சமாகிவிட்டது. லோயர் கேம்ப்பில் மின் உற்பத்தி தொடங்கியது 1958-ல், சரியாக நூறு வருஷம் கழித்து.

1860 பிப்ரவரியில் அந்த விளக்கைப் பார்க்கக் கிளம்பியபோது பனி கொட்டி ரோடு அடைத்துக்கொண்டது. ஒருமுறை போய் முடியாமல் திரும்பினார். சில நாள் கழித்து மறுபடி போனார். வேலி தாண்டி, வயல் தாண்டி, பனியில் நடந்தே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 68.

கடைசி வருஷங்களில் ஞாபகம் முழுக்கவே கழன்றுபோனது. விக்டோரியா மகாராணி, ஹாம்ப்டன் கோர்ட்டில் வாடகையில்லாமல் தங்க ஒரு வீடு கொடுத்திருந்தார். அங்கே தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே 1867 ஆகஸ்ட் 25-ல் ஃபாரடே இறந்தார். பெரிய மனிதர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரைப் புதைக்கவில்லை. அவர் விரும்பியபடி ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், எளிமையாக. பின்னால் சாராவும் அங்கேயே வந்து சேர்ந்தார். கல்லில் ஃபாரடேவுக்கு இருப்பது ஒரு பெயரும் இரண்டு தேதிகளும்தான்.